இல்லாத மெஷின்களுக்கு இடம்

இல்லாத மெஷின்களுக்கு இடம் தேடும் குழுவில் ஓர் இருக்கை காலியாகக் கிடந்தது. அதில் செசிலியைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

அவள் அதற்காகப் போனவள் இல்லை. குளச்சல் ஏலத்தில் சாளை மீன் எடுத்து, மீன் சருவத்தைத் தலையில் ஏற்றி, திங்கள்சந்தை வரைக்கும் தெருத்தெருவாக விற்றுவிட்டு வருகிற பொம்பளை. கடலோர அபாயக் குரல் மையத்துக்கு வருசத்தில் ஒரு நாள்தான் போவாள். அவளைக் கட்டின மாப்பிள்ளை சிலுவைதாசன் கடலோடு போன நாள் அது. காலையில் கோயிலில் அவனுக்காகப் பூசை, பூசை முடிந்ததும் மையம். காதில் மாட்டுகிற ஹெட்போனை அங்கே தருவார்கள். அவன் கடைசியாகப் பேசியதைக் கேட்பாள். கண்ணையும் மூக்கையும் முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்துவிடுவாள். உடம்பு கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவனுக்கென்று ஒரு பிடி மண் இல்லை. செத்தவனைப் போய்ப் பார்க்க ஒரு இடம் வேண்டுமே. அவளுக்கு அது அந்த ஹெட்போன்தான்.

மையத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சுனாமிக்குப் பிறகு கட்டியது. நடுக்கடலில் எஞ்சின் நின்றாலோ வள்ளம் கவிழ்ந்தாலோ வயர்லெஸ்ஸில் கூப்பிட வேண்டிய இடம் அது. கூப்பிடுகிறவரின் குரலைத் துல்லியமாகப் பதிவு செய்வது மையத்தின் பணி. காப்பாற்றுவது வேறொரு துறையின் பணி. அந்தத் துறை எது என்று கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருந்தார்கள்.

சிலுவைதாசன் பேசியது கொஞ்சம்தான். "எஞ்சின் நின்னுட்டு சாரே. உள்ள வெள்ளம் கேறுது. வீட்டுல அவ நெறமாசமா நிக்கா. பயப்படாண்டாம்னு செல்லணும்." பிறகு ஓர் இருமல். பிறகு கடல்.

வார்த்தை எல்லாம் செசிலிக்கு மனப்பாடம். வார்த்தையில் என்ன இருக்கிறது? அவன் தொண்டையில் உப்புக்காற்று கட்டின ஒரு கரகரப்பு எப்போதும் உண்டு. 'அவ' என்று சொல்லுகிற இடத்தில் மட்டும் அந்தக் கரகரப்பு தணிந்து, பக்கத்தில் படுத்துக்கொண்டு பேசுகிறவன் குரல் மாதிரி ஆகும். அதற்காகத்தான் அவள் வருசாவருசம் போனாள்.

அந்த நிறைமாசத்தில் பிறந்தவள் அஜிஷா. அப்பனைப் படத்தில் பார்த்திருக்கிறாள், குரலைக் கேட்டதில்லை. "எப்பம் அம்மா என்னையும் கூட்டிட்டுப் போவ?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். "நீ புது நன்மை எடுக்க அன்னைக்கு" என்று செசிலி சொல்லியிருந்தாள். கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். அதற்குள் பிள்ளைக்கு விவரம் வந்துவிடும், சாகப்போகிற மனுசனின் பேச்சைத் தாங்கிக்கொள்வாள் என்று தாய்க்கு ஒரு நினைப்பு. அந்தப் புது நன்மை இரண்டாயிரத்துப் பதினாறில், ஈஸ்டர் கழிந்து வருவதாக இருந்தது.

அதற்கு முந்தின வருசத்து நினைவுநாளில் போனபோது வயர்லெஸ் அறையில் இருந்த யூஜின் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். அவனும் கரைக்காரன்தான். ஒப்பந்தத்தில் வேலை பார்த்தான்.

"அக்கா, ஒரு காரியம் செல்லணும். இவ்விட எடம் தெகையல."

"ஆருக்கு எடம்?"

"பதிவு வைக்க பெட்டிக்கு. ரொம்பிட்டு. புதுசு ஒண்ணு வந்தா பழசு ஒண்ண அதுவே அழிச்சிரும். வந்த வரிசையில அழிக்கி. அண்ணனுக்க முறை சீக்கிரம் வந்துரும் அக்கா."

"செத்தவருக்கும் வரிசையா லே?"

"எனக்க கையில ஒண்ணும் இல்ல. டைரக்டர் சாரப் பாரு."

இயக்குநர் ஞானசிங் நல்ல மனிதர். வருகிறவரை உட்காரச் சொல்லுவார்.

"நீங்கள் பயனாளியா அம்மா?"

"நான் செசிலி."

"உங்கள் கணவர் மையத்தின் சேவையைப் பயன்படுத்தியிருக்கிறாரா?"

"ஒருதரம்."

"சேவை திருப்தியாக இருந்ததா?"

செசிலி யோசித்தாள். "அதுக்குப் பொறவு அவரு ஒண்ணும் பறையல சாரே."

'புகார் இல்லை' என்று ஞானசிங் குறித்துக்கொண்டார்.

"அவருக்க பேச்ச ஒரு போன்ல ஏத்தித் தாங்க சாரே. நான் எடுத்துட்டுப் போறேன். உங்களுக்கும் எடம் மிச்சம்."

ஞானசிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, கடலில் நின்று பேசுகிறவரைக்கும் அவர் உங்கள் கணவர். எங்கள் சேனலில் விழுந்த பிறகு அது மையத்தின் குரல். இன்றைக்குக் குரலைக் கொடுத்தால் நாளைக்கு ஆளைக் கொடு என்று வந்து நிற்பீர்கள்."

மையத்தின் கணினிகளில் பென்டிரைவ் சொருகுகிற துளைகளையெல்லாம் பாதுகாப்புக் கருதிப் பிசின் வைத்து அடைத்திருந்தார்கள். செல்போனை வாசலில் ஒரு கூடையில் போட்டுவிட்டுத்தான் எவரும் உள்ளே போக முடியும். ஒரு குரல் அங்கிருந்து வெளியே போக வழியில்லை. அழியத்தான் வழி இருந்தது.

"ஆனால் கவலைப்பட வேண்டாம்" என்றார் ஞானசிங். "இடத்தை எப்படிக் கூட்டுவது என்று முடிவு செய்ய ஒரு குழு அமைத்திருக்கிறோம். மெய்நிகர் இயந்திரங்களுக்கான சேமிப்புக் கொள்ளளவு விரிவாக்க முறைத் தேர்வுக் குழு. பயனாளி உறுப்பினர் ஒருவர் இல்லாததால் இதுவரை கூட முடியவில்லை. கடவுளாகப் பார்த்து உங்களை அனுப்பியிருக்கிறார்."

செசிலிக்குக் கடவுள் அனுப்பி வைத்ததாகத் தோன்றவில்லை. ஆனாலும் மாப்பிள்ளையின் காரியம். சரி என்றாள்.

முதல் கூட்டம் குத்துவிளக்கு ஏற்றித் தொடங்கியது. கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. தனக்குப் போட்டதை என்ன செய்வதென்று தெரியாமல் செசிலி அதைச் சும்மாடு கூட்டுகிற மாதிரி சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். மூலைக்கு ஒன்றாக மூன்று கேமராக்கள் நின்றன. வெளிப்படைத்தன்மைக்கு என்றார்கள்.

தொழில்நுட்ப ஆலோசகர் நாராயணபெருமாள். பொறியியல் கல்லூரியில் துறைத்தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நாகர்கோவிலில் இருந்து கார் அனுப்பிக் கூட்டிவந்தார்கள். எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்தார்.

"மெய்நிகர் இயந்திரம் என்பது என்ன? அது இருக்கும், ஆனால் இராது. கீழே அறையில் இருப்பது ஒரே ஒரு பெட்டி. அதற்குள் ஐந்து இயந்திரங்கள், ஒவ்வொன்றும் தான் தனி என்று நம்பிக்கொண்டு குடியிருக்கின்றன. கூப்பிட்டால் பதில் சொல்லும். தொட்டுப் பார்க்க முடியாது."

எல்லோரும் குழம்பிப்போய் இருந்தார்கள். செசிலிக்கு மட்டும் உடனே விளங்கிவிட்டது. அப்படி ஒருத்தனோடுதான் அவள் இத்தனை வருசமாகக் குடித்தனம் நடத்துகிறாள்.

ஐந்தில் ஒரு மெஷின் கடலில் இருந்து வரும் குரல்களை வைத்திருந்தது. ஒன்று கூட்டங்களை வைத்திருந்தது. ஒன்று ஊழியர் வருகையைப் பார்த்தது. ஒன்று பொங்கலுக்கும் கிறிஸ்துமசுக்கும் ரம்சானுக்கும் மேலதிகாரிகளுக்கு வாழ்த்து அனுப்பியது. ஐந்தாவது என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. இருப்பதிலேயே அதிக இடம் பிடித்திருந்தது அதுதான்.

"அப்ப அத நிப்பாட்டினா எடம் கெடைக்குமே சாரே" என்றாள் செசிலி.

சபை திடுக்கிட்டது. "எதற்காக ஓடுகிறது என்றே தெரியாத ஒன்றை" என்றார் ஞானசிங், "எந்த அதிகாரத்தில் நிறுத்துவது?"

இடத்தைக் கூட்ட வழி மூன்று என்று நாராயணபெருமாள் சொன்னார். இருக்கிற டிஸ்க்கையே இழுத்துப் பெரிதாக்கலாம். பக்கத்தில் இன்னொரு டிஸ்க் சேர்க்கலாம். அல்லது தனியாக ஒரு பெட்டி வாங்கி வயர் கொடுத்துக்கொள்ளலாம். சொல்லி வாய் மூடுவதற்குள் சபை மூன்றாகப் பிரிந்துவிட்டது. இழுப்பவர்களும் சேர்ப்பவர்களும் அன்றைக்கு ஒரே தட்டில் வடை எடுக்கவில்லை. தனிப்பெட்டிக்காரர்கள் தனி மேசைக்குப் போனார்கள்.

அடுத்த கூட்டத்தில் அந்த மூன்றையும் மெல்லியதாகச் செய்வதா தடித்ததாகச் செய்வதா என்ற பிரச்சினை வந்தது.

"மெல்லிய ஒதுக்கீடு என்றால்" என்று நாராயணபெருமாள் விளக்கினார், "நிறையத் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிடுவோம். உண்மையில் அவ்வளவு இருக்காது. எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் நடப்பது."

"வந்து கேட்டா?" என்றாள் செசிலி.

"கேட்கிற நிலைமைக்கு எந்தத் துறையும் இதுவரை விட்டதில்லையே" என்று ஞானசிங் சிரித்தார்.

"அப்ப தடிச்சது?"

"மொத்த இடத்தையும் முதலிலேயே வளைத்துப் போட்டுக்கொள்வது. நாம் பயன்படுத்தாவிட்டாலும் அடுத்தவன் தொடக்கூடாது."

"அது மேலிடத்து வழக்கம்" என்று ஒரு மூத்த உறுப்பினர் மரியாதையோடு சொன்னார். "நமக்கு மெல்லியதுதான் அழகு."

ஏலக்கூடத்தில் தேவகனி அவளை விடவில்லை. இவளுக்குப் பக்கத்தில் சருவம் வைக்கிறவள்.

"ஏட்டி செசிலி, மெம்பராயிட்டியாமே. மீன் வாடைக்கு அவியளுக்கு மூக்கு பொத்தலையா?"

"பொன்னாட போட்டாவட்டி."

"உனக்கு எதுக்குட்டி பொன்னாட, சூர மீனுக்கு மேல மூடவா? இல்லாத மெசினுக்கு எடம் பாக்கியளாம். இருக்க மனுசன் ஒண்டுக் குடுத்தனத்துல கெடந்து சாவுதான், அவனுக்குப் பாக்க ஒரு கமிட்டி உண்டா?"

"எனக்க ஆளு அங்க கெடக்காருட்டி தேவகனி."

தேவகனி அதற்குப் பிறகு பகடி பேசவில்லை. கூட்டம் நடக்கிற நாளில் செசிலியின் சாளையையும் சேர்த்து அவளே ஏலத்தில் எடுத்து வைத்தாள்.

மூன்றாவது கூட்டத்தில், முன்னோர்கள் எப்படிச் சேமித்தார்கள் என்று தெரியாமல் முடிவெடுப்பது சரியல்ல என்று பேச்சு வந்தது. எனவே ஒரு வேன் பிடித்துப் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனார்கள். கேமராக்களும் வந்தன. ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற ஊட்டுப்புரையின் நடுவில் நின்று நாராயணபெருமாள் கொள்ளளவைப் பற்றி உரையாற்றினார். சுற்றுலா வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவரை வழிகாட்டி என்று நினைத்துக் கூடிவிட்டார்கள். பிறகு பெரிய பெரிய ஜாடிகளின் முன்னால் குழு நின்று படம் எடுத்துக்கொண்டது.

"பாருங்கள், இதுதான் தடித்த ஒதுக்கீடு" என்றார் நாராயணபெருமாள். "ஊறுகாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜாடி இதே அளவுதான்."

தனிப்பெட்டிக்காரர்கள் ஜாடி தங்கள் கட்சி என்றார்கள். இழுப்பவர்கள், அரண்மனையே காலத்துக்குக் காலம் இழுத்துக் கட்டியதுதானே என்றார்கள். வேன் திரும்பி வரும்போது யாரும் யாரோடும் பேசவில்லை. மின்சாரம் இல்லாமல் சேமிப்பு ஏது என்று அடுத்ததாக ஆரல்வாய்மொழிக்குப் போய்க் காற்றாலைகளைப் பார்த்தார்கள். அங்கே காற்றில் பொன்னாடைகள் பறந்துபோயின. அதையும் படம் பிடித்தார்கள்.

ஆரல்வாய்மொழி போய்வந்த மறுநாள் யூஜின் ஏலக்கூடத்துக்கே வந்துவிட்டான். மையத்தில் வைத்துச் சொல்ல அவனுக்குப் பயம்.

"அக்கா, கூட்டம் போடப் போட வேகமா அழியுது."

"கூட்டத்துக்கும் அதுக்கும் என்னலே?"

"கூட்டத்துக்க படத்தையும் அதே பெட்டியிலதான் போடுதாவ. படம்னா ரொம்ப எடம் தின்னும். பேச்சுக்கு எடமே வேண்டாம். அரண்மனைக்குப் போய்ட்டு வந்தியல்லா, அந்தப் படத்தக் கொண்டு வந்து போட்டதும் கடியபட்டணத்து ஆளுங்க முழுக்கப் போயாச்சு. காத்தாடி பாத்துட்டு வந்ததுல முட்டத்துக்காரங்க போயாச்சு."

செசிலி சருவத்தை இறக்கி வைத்தாள்.

"எனக்க ஆளு?"

"இப்பம் நிக்காரு. இனி ஒரு கூட்டம் தாங்காது அக்கா."

சாளையைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டு மையத்துக்கு ஓடினாள். தான் பொன்னாடை போட்டு உட்கார்ந்திருந்த ஒவ்வொரு கூட்டத்திலும், தன் முகம் அந்தப் பெட்டிக்குள் போன ஒவ்வொரு தடவையும், யாரோ ஒருத்தியின் மாப்பிள்ளையை வெளியே தள்ளிவிட்டுத்தான் போயிருக்கிறது. அந்தப் பெண்களில் பலரை அவளுக்கு முகம் தெரியும். சந்தையில் தினமும் பார்க்கிறவர்கள்.

"இனி கூட்டம் போடாண்டாம் சாரே" என்றாள் ஞானசிங்கிடம். மூச்சு வாங்கியது.

ஞானசிங் ஆர்வமாக நிமிர்ந்தார். "கூட்டம் வேண்டாம் என்பது ஒரு கருத்து. நல்ல கருத்து. கருத்தைக் கூட்டத்தில் அல்லவா சொல்ல வேண்டும்?"

"கூட்டம் போட்டா அவரு போயிருவாரு."

"அப்படியென்றால் இது அவசரம். அவசரக் கூட்டம் கூட்டுகிறேன். நாளைக்கே."

"கேமரா இல்லாம கூட்டுங்க."

"கேமரா இல்லாமல் கூடினால், நாம் கூடினோம் என்பதற்கு என்ன ஆதாரம்?"

"நான் இருக்கேனே சாரே. ஆரு கேட்டாலும் நான் செல்லுதேன்."

"நீங்கள் பயனாளி அம்மா" என்றார் அவர், மிகவும் கனிவாக. "நீங்கள் ஆதாரம் ஆகமாட்டீர்கள்."

போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தாள். அவள் போகாவிட்டாலும் கூட்டம் நடக்கும், அதைத் தடுத்துச் சொல்ல ஆள் இல்லாமல் நடக்கும். போனால் வாசலிலேயே கேமராவை அணைக்கச் சொல்லலாம். மறுநாள் காலையில் அப்படித்தான் உள்ளே நுழைந்ததும் சொன்னாள். குத்துவிளக்குக்குக்கூட நிற்கவில்லை.

"அத அணையுங்க சாரே மொதல்ல."

"அதுதான் இன்றைய பொருள்" என்றார் ஞானசிங். "தீர்மானம் ஆனதும் அணைத்துவிடலாம். காரணத்தைச் சபைக்கு எடுத்துச் சொல்லுங்கள்."

"அவருக்க பேச்சு அழிஞ்சிரும். அதுதான் காரணம்."

நாராயணபெருமாள் கையை உயர்த்தினார். "எத்தனையோ பேரின் குரல் இருக்கும்போது குறிப்பிட்ட ஒருவரின் குரலை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று கேள்வி வரும் அம்மா. யார் இந்தச் சிலுவைதாசன்? எப்படிப்பட்டவர்? முதலில் இருந்து சொல்லுங்கள்."

அதைத்தான் அவர் கேட்டிருக்கக்கூடாது. சிலுவைதாசன் போன பிறகு செசிலியிடம் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஆதார் எங்கே, வாரிசு யார், வள்ளம் யார் பேரில், உடம்பு கிடைத்ததா. அவன் எப்படிப்பட்டவன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

"எப்படிப்பட்ட ஆளு?" என்று அவள் தனக்கே கேட்பது மாதிரி கேட்டுக்கொண்டாள். "கோவக்காரன் சாரே. வலையில நண்டு கெடந்து கிழிச்சிட்டா நண்டுட்ட சண்ட போடுவாரு. எனக்க அப்பா பொண்ணு தரமாட்டேன்னாரு. அதுக்கு எங்க வீட்டுக்கு முன்னால வள்ளத்தக் கேத்தி வச்சிட்டு, இத எடுக்கணும்னா பொண்ணத் தாருமுன்னு அதுக்க மேல படுத்துக் கெடந்தாரு…"

சபையில் சிரிப்பு எழுந்தது. யாரோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்கள். கேமராக்காரன் ஒருவன் கருவியைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு அவள் முகத்துக்கு அருகே வந்தான். அவள் சொல்லிக்கொண்டே போனாள். கல்யாணத்தன்று மழையில் மோதிரம் மணலில் விழுந்ததை, அவன் அயலைக்குழம்பில் மாங்காய் கூடிப்போனால் தட்டைத் தள்ளுவதை, தள்ளிவிட்டு அவள் பார்க்காதபோது எடுத்துத் தின்பதை, வயிற்றில் பிள்ளை முதன்முதலில் அசைந்தபோது காதை வைத்துக் கேட்டுவிட்டு, 'பிள்ள பறையுதது விளங்கல, கடல் எரைச்சலா இருக்கு' என்று சொன்னதை. இத்தனை காலம் சொல்ல ஆளில்லாமல் உள்ளே கிடந்தது முழுவதும் வந்தது. ஞானசிங் நேரத்துக்கு மணி அடிக்கிறவர். அன்றைக்கு மணியைக் கையில் எடுத்து, திரும்ப மேசையில் வைத்துவிட்டார். நாராயணபெருமாள் மூக்கைச் சிந்தினார். எதற்காக அங்கே வந்தோம் என்பது செசிலிக்கு மறந்தே போயிற்று. அவன் அந்த அறையில் நின்றுகொண்டிருந்தான்.

வாசலில் யூஜின் வந்து நின்றான். தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் பாதியில் நிறுத்தினாள்.

"அருமை" என்று ஞானசிங் எழுந்தார். "சிலுவைதாசனின் குரலை எக்காரணம் கொண்டும் அழிக்கக்கூடாது என்று இந்தக் குழு ஏகமனதாகத் தீர்மானிக்கிறது." எல்லோரும் கை தட்டினார்கள். கேமராக்கள் கை தட்டலையும் பிடித்துக்கொண்டன. செசிலி மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பம்லே?" என்று கேட்டாள் வெளியே வந்து.

"நீ பேசிட்டிருக்கும்ப அக்கா."

அவன் மேலும் ஏதோ சொன்னான். தேடிப் பார்த்ததாக, அழிந்ததன்மேல் புதுசு ஏறிவிட்டதாக. எது ஏறியது என்று அவள் கேட்கவில்லை. தெரியும். அவள் பேச்சுதான் ஏறியிருக்கும்.

ஞானசிங் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "குரல் போயிருக்கலாம் அம்மா" என்றார். "தீர்மானம் இருக்கிறது."

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அவள் பேசிய படத்தை மேலிடத்துக்கு அனுப்பினார்கள். மேலிடம் கண்கலங்கி அனுமதி தந்தது. மூன்று கட்சிக்கும் மனவருத்தம் வரக்கூடாது என்று டிஸ்க்கை இழுத்தார்கள், இன்னொரு டிஸ்க்கும் சேர்த்தார்கள், தனிப்பெட்டியும் வாங்கினார்கள். ஐந்தாவது மெஷினுக்கு இரண்டு மடங்கு இடம் கிடைத்தது. திறப்புவிழாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். அன்றைக்குத்தான் அஜிஷாவுக்குப் புது நன்மை.

பிள்ளையிடம் செசிலி சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, வெள்ளைக் கவுனும் தலையில் வெள்ளைப் பூ முடியும் கையில் மெழுகுதிரியுமாகப் பிள்ளை பூசையில் இருந்து வெளியே வந்து, "போவமா அம்மா?" என்று கேட்கிற இடத்துக்கு வந்து நின்றுவிட்டது. அந்த முகத்தைப் பார்த்தபோது வாயில் இருந்த வார்த்தை உள்ளே போய்விட்டது. கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.

மைய வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். பெட்டிக்கு மாலை போட்டிருந்தது. வெள்ளைக் கவுனில் பிள்ளையைக் கண்டதும் ஞானசிங்குக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ரிப்பனுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். பிறகு பேசினார்.

"இன்று நம்மிடம் உள்ள இடத்தில், இந்தக் கரையில் இதுவரை மூழ்கிய அத்தனை பேரின் குரலையும் வைக்கலாம். இனி மூழ்க இருக்கிற அத்தனை பேரின் குரலையும் வைக்கலாம். மீனவப் பெருமக்கள் இந்த வாய்ப்பை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

கை தட்டல் முடிவதற்குள் அஜிஷா தாயின் கையை உதறிவிட்டு வயர்லெஸ் அறைக்குள் ஓடிவிட்டாள். செசிலி பின்னால் போனாள்.

"மாமா, எனக்க அப்பாவப் போடுங்க."

யூஜின் செசிலியைப் பார்த்தான். செசிலி பிள்ளையின் கையில் இருந்த மெழுகுதிரியை வாங்கிக்கொண்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் அவன் ஹெட்போனை எடுத்துப் பிள்ளையின் பூ முடி நசுங்காமல் காதில் மாட்டினான். அடுத்து எந்தப் பொத்தானை அமுக்குவது என்று அவன் கை மேசைமேல் அலைந்தது.

ஞாயிற்றுக்கிழமை கரையில் இருந்து யாரும் கடலுக்குப் போவதில்லை. ஆனால் தங்கல் போன விசைப்படகு ஒன்று, கடலில் பல நாள் கிடந்துவிட்டு அன்றைக்குக் கரை பிடிக்க வந்துகொண்டிருந்தது. அதில் இருந்த ஒருத்தன் கூப்பிட்டான். மேசை ஸ்பீக்கரிலும் ஹெட்போனிலும் ஒன்றாகக் கேட்டது.

"கரை, கரை… கேக்குதா? காத்து கொறவு. நாங்க வாறோம்."

அஜிஷாவின் கண் விரிந்தது. "அம்மா, அப்பா வாறாராம்."

யூஜின் அணைக்கப் போனான். அதற்குள் பிள்ளை மேசைமேல் இருந்த மைக்கைப் பிடித்துப் பொத்தானை அமுக்கிவிட்டாள். வள்ளத்தில் மாமன்மார் செய்வதைப் பார்த்திருக்கிறாள்.

"அப்பா! நான் அஜிஷா."

அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "ஆரு? ஆரு மக்கா?"

"அஜிஷா. கொளச்சல். இன்னைக்கு எனக்குப் புது நன்மை அப்பா."

எஞ்சின் சத்தம் குறைந்தது. அங்கே யாரோ ஏதோ கேட்டார்கள், இவன் 'சும்மா இருல' என்றான். கடல் வேலை செய்கிறவன்தானே. கரையில் அப்பா என்று கூப்பிடுகிற பிள்ளைகள் எத்தனை என்று அவனுக்கும் தெரியும்.

"அப்படியா எனக்க மக்ளே" என்றான். "நல்லாரு. அம்மைய நல்லா பாத்துக்க. அழாண்டாம்னு செல்லு."

"அம்மா அழல" என்று சொல்லிவிட்டு அஜிஷா திரும்பிப் பார்த்தாள்.

செசிலி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது அவன் குரல் இல்லை. கரகரப்பு இல்லாத, மீசை சரியாக முளைக்காத ஒருத்தனின் குரல். அதைப் பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும் என்று, சிலுவைதாசனின் குரலை மனதுக்குள் கூப்பிட்டாள். 'அவ' என்று அவன் சொல்லுகிற அந்த இடத்தைக் கூப்பிட்டாள். நேற்றுவரை கூப்பிட்டதும் வந்தது. இன்றைக்கு வந்தது இந்தப் பையனின் குரல்தான்.

"அப்பா இப்பம் எங்க அம்மா?"

"கடல்ல மக்கா" என்றாள் செசிலி.

வாசலில் ஞானசிங் எட்டிப் பார்த்தார். "யூஜின், அது அபாய அழைப்பா?"

"இல்ல சார்."

"அப்படியென்றால் தனிப்பட்ட உரையாடல். பெயர் இல்லாத பதிவு வைக்கக்கூடாது, தெரியுமல்லவா?" என்று சொல்லிவிட்டு அவர் விருந்தினரை வழியனுப்பப் போனார்.

யூஜின் மெதுவாகக் கேட்டான். "அக்கா, அழிக்கட்டா?"

அஜிஷா இன்னும் ஹெட்போனைக் கழற்றவில்லை. இரண்டு கையாலும் காதோடு அமுக்கிக்கொண்டு, இரைச்சலைக் கேட்டபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அழிக்காண்டாம்" என்றாள் செசிலி. "வருசாவருசம் வந்து கேப்பா."

"பேரு என்ன போட?"

"சிலுவைதாசன்னு போடு."

யூஜின் தட்டினான். பெட்டி உடனே வாங்கிக்கொண்டது. உள்ளே இடம் நிறையக் கிடந்தது.